கேளாச் செவிகள் யாருடையவை?

அண்மையில் எமது பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு விவாதம் எழுந்தது. பேச்சு எங்கோ தொடங்கி, ஆபிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து எதிர்ப்புக்கு உள்ளான கதையில் வந்து நின்றது. முற்போக்குக் கருத்துடையவரும் பகுத்தறிவில் மிகுந்த பற்றுள்ளவருமான நண்பர் ஒருவர் ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவைத்தார். "நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் அந்தப் பெண்களின் காதில் வானொலி எவ்வளவு அலறினாலும் ஏறுமா?" என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர்.

நாம் தலையசைக்கவில்லை. அன்று மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லுகிறோம். நண்பரின் வாக்கியம் பகுத்தறிவின் குரல்போல ஒலிப்பினும், அது ஆள்வோரின் குரலே என்பது எமது கருத்து. மக்கள் தம்மை நம்பாதபோதெல்லாம் அதிகாரத்தில் இருப்போர் கூறும் காரணம் ஒன்றே ஒன்று: மக்கள் அறிவிலிகள். இந்தத் தீர்ப்பை முற்போக்காளராகிய நாமும் வழிமொழிவதென்றால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

வடநைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். கானோ, கட்சினா, சொக்கோட்டோ முதலிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் வாழும் ஹவுசா முஸ்லிம் மக்களிடையே, மணமான பெண்கள் வீட்டு மதிலுக்குள் ஒதுங்கி வாழும் வழக்கம் உண்டு. அதனைக் 'குல்லே' என்பர். வீட்டின் முகப்பில் 'ஸௌரே' என்றொரு வாயிலறை இருக்கும். அந்நிய ஆடவன் அதற்கப்பால் அடியெடுத்து வைத்தல் ஆகாது. நோயுற்ற பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும் பெரும்பாலும் கணவனின் அனுமதி வேண்டும். ஆயினும் மதில் மனிதரைத் தடுக்குமேயன்றி ஒலியைத் தடுப்பதில்லை. பிபிசியின் ஹவுசா மொழிச் சேவை 1957 முதல் ஒலித்துவருகிறது. உள்நாட்டு நிலையங்களும் பல. சமையற்கட்டிலும் முற்றத்திலும் வானொலிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும் வீடுகள் அவை. நோய்த்தடுப்பை அம்மொழியில் 'ரிகாகாஃபி' என்பர்; மருந்தினும் ரிகாகாஃபி மேல் என்பது அங்கு நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. வருமுன் காத்தலின் பெருமையை அப்பெண்ணுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அவள் கேட்கிறாள். கேட்டதைத் தனக்குத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டும் பார்க்கிறாள். நமது பண்டிதர்கள் மறந்துவிடுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

வானொலி சொல்கிறது: உன் பிள்ளைமேல் அரசுக்கு அக்கறை உண்டு, ஆகவே வாசலைத் திற. அவள் வாசலைப் பார்க்கிறாள். சொட்டு மருந்தோடு ஆட்கள் நிற்கிறார்கள்; கதவிலே சுண்ணக்கட்டியால் குறியிடுகிறார்கள்; பிள்ளையின் விரலில் மை பூசுகிறார்கள்; சில வாரங்கள் கழித்து மறுபடியும் வருகிறார்கள். அவள் திரும்பி வீட்டுக்குள் பார்க்கிறாள். மலேரியாக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. குடிக்க நல்ல நீர் இல்லை. அயலிலுள்ள மருத்துவ நிலையத்தில் கட்டடம் இருந்தால் மருந்து இல்லை; மருந்து இருந்தால் ஆள் இல்லை. நாம் கேளாத நோய்க்கு இலவசமாக, வீடு தேடி, மீண்டும் மீண்டும் மருந்து வருவானேன்? நாம் கெஞ்சிக் கேட்கும் நோய்க்கு ஒரு வில்லைதானும் வராதது ஏன்? வடநைஜீரியாவில் இத்துறையில் ஆய்வு நிகழ்த்தியோர் பலரும் இக்கேள்வியைப் பதிவு செய்துள்ளனர். ஸாரியா நகரில் நெடுங்காலம் பணிபுரிந்த மானிடவியலாளர் எலிஷா ரென் 2010இல் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். 2005ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே சின்னமுத்துப் பரவி நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மாண்டனர். சின்னமுத்துக்கும் தடுப்பூசி உண்டு. அதைக் கொண்டுவந்து வாசலில் நின்றோர் எத்தனை பேர்?

இக்கேள்வியை மூடநம்பிக்கை என்பவர் யார்? அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டால் அது அரசியல் விமர்சனம். குல்லேயில் இருக்கும் தாய் கேட்டால் மட்டும் அது அறியாமை!

இனி, அவளது நினைவிலே படிந்துள்ளவற்றையும் பார்ப்போம். 1988இல் நைஜீரிய அரசு வெளியிட்ட குடித்தொகைக் கொள்கை, பெண்ணொருத்திக்கு நான்கு பிள்ளைகள் போதும் என்றது. பிள்ளைகளை எண்ணிக் குறைக்க விரும்பும் அரசு என்ற எண்ணம் அன்றே விழுந்த விதை. 1996இல் கானோவில் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. அவ்வேளையில் பைசர் என்னும் அமெரிக்க மருந்துக் கம்பெனி, 'ட்ரோவன்' என்ற தனது புதிய மருந்தைச் சுமார் 200 பிள்ளைகளைக் கொண்டு பரிசோதித்தது. ஒரு பாதியினருக்குப் புதிய மருந்து, மறுபாதியினருக்கு முன்பே வழக்கிலிருந்த மருந்து. 11 பிள்ளைகள் இறந்தனர். வேறு சிலர் ஊனமுற்றனர். இறப்புக்கு நோயே காரணம் என்றும் பெற்றோரின் சம்மதம் பெறப்பட்டது என்றும் கம்பெனி சாதித்தது. பெற்றோர் பலர் அதனை மறுத்தனர். 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதனை வெளிக்கொணர்ந்தது. 2009இல் ஏழரைக் கோடி டொலர் வழங்கக் கம்பெனி கானோ மாநில அரசுடன் உடன்பாடு கண்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே. நீதிமன்றக் கட்டுகளில் கிடக்கும் வரலாறு இது. வெள்ளைக்காரரின் மருந்து நம் பிள்ளைகளின் மேல் சோதிக்கப்படுகிறது என்று கானோவின் தாய் ஒருத்தி எண்ணினால், அந்த எண்ணம் வானத்திலிருந்து விழுந்ததா?

ஆனால் இங்கே நாம் தெளிவாக இருத்தல் வேண்டும். ட்ரோவன் வேறு, இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து வேறு. முன்னது ஒரு கம்பெனியின் பரிசோதனை. பின்னது உலகெங்கும் கோடானுகோடிப் பிள்ளைகளின் கால்களைக் காத்த மருந்து. தாயின் ஐயத்துக்குக் காரணம் உண்டு என்று சொல்வது, ஐயம் சரியான முடிவுக்குக் கொண்டுசென்றது என்று சொல்வதாகாது. முடிவு தவறானது. அத்தவறுக்கான விலையைப் பிள்ளைகளே கொடுத்தனர். அப்படியாயின், ஐயத்தை எடுத்து ஆயுதமாக்கியவர் யார்?

குல்லேயில் இருந்த பெண்கள் அல்லர். 2003ஆம் ஆண்டில், சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருளும் எயிட்ஸ் கிருமியும் கலந்திருக்கின்றன என்று முழங்கியவர் நைஜீரிய ஷரீஆ உயர்மன்றத்தின் தலைவர் தத்தி அகமது. அவர் யார்? மருத்துவம் கற்றுத் தேர்ந்த ஒரு வைத்தியர்! மருந்தை நிறுத்தி ஆணையிட்டவர் யார்? கானோவின் ஆளுநர் இப்ராஹிம் ஷெகாராவு. அவரும் கல்வித்துறையில் இருந்து அரசியலுக்கு வந்தவர். அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த சனாதிபதித் தேர்தலில் வடக்கின் வேட்பாளர் முகம்மது புகாரி தோற்று, தெற்கைச் சேர்ந்த ஒபசாஞ்சோ வென்றிருந்தார். மார்ச்சில் அமெரிக்கப் படைகள் ஈராக்கினுள் புகுந்திருந்தன. மத்திய அரசின்மீது வடக்கின் பெரியோருக்கு இருந்த சினமும், ஏகாதிபத்தியத்தின்மீது மக்களுக்கு இருந்த நியாயமான வெறுப்பும், ஒன்றுமறியாப் பிள்ளைகளின் வாயில் விழவேண்டிய இரண்டு சொட்டுகளை மறித்து நின்றன. ஆண்கள் ஆண்களோடு நடத்திய அரசியற் பேரம் அது. அதில் எந்தத் தாயிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

ஏறத்தாழ ஓராண்டின் பின், 2004 ஜூலையில், முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவில் செய்த மருந்து என்ற சமாதானத்தோடு கானோ மீண்டும் இணங்கியது. அதற்குள் கிருமி பயணம் புறப்பட்டுவிட்டது. ஏறத்தாழ 20 நாடுகளில் அது மீண்டும் தலைகாட்டியது. 2005இல் அதே இந்தோனேசியாவை அடைந்து அங்கே சுமார் 300 பிள்ளைகளை முடமாக்கியது. நைஜீரியாவில் 2006ஆம் ஆண்டில் மட்டும் 1,100க்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்நோய்க்கு இரையாயினர். கற்றறிந்த ஆண்கள் தொடங்கிய தீயை அணைக்க முடியாமற்போனதும், எரிந்த வீட்டிலிருந்த பெண்களை நோக்கி 'நீங்கள்தாம் அறியாதவர்கள்' என்று உலகம் விரல் நீட்டியது.

அறியாதவர்களா? பிள்ளையின் காலின் அருமையை அவளினும் அறிந்தவர் உண்டோ? பொலி ஹில் என்னும் ஆய்வாளர் கட்சினாவை அடுத்த பட்டகராவா என்ற கிராமத்தில் வாழ்ந்து, ஹவுசா நாட்டின் 'மறைந்த வாணிகம்' பற்றி 1969இல் எழுதினார். மதிலுக்குள் இருக்கும் பெண்கள் தானியமும் எண்ணெயும் சமைத்த உணவும் விற்கிறார்கள். வாங்குவதற்கும் விற்பதற்கும் வெளியே ஓடித்திரிவோர் அவர்களுடைய பிள்ளைகள். தாய்க்கு வாசல் தாண்ட அனுமதியில்லை; பிள்ளையின் கால்களே அவள் உலகத்தில் நடக்கும் கால்கள். அக்கால்கள் சூம்பினால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே முடமாகிறார்கள். இளம்பிள்ளைவாதத்துக்கு ஹவுசா மக்கள் வழங்கும் பெயர் 'ஷான் இன்னா'. இன்னா என்னும் ஆவி உறிஞ்சிக் குடித்தது என்பது அதன் பொருள். சூம்பிய காலை நேரிற் கண்ட கண்களே அப்பெயரைச் சூட்டியிருக்க முடியும். ஆனால் ஆவி குடித்த நோய்க்கும் வானொலி சொல்லும் போலியோவுக்கும் என்ன தொடர்பு என்பதை அவளது மொழியில், அவளது கேள்விக்கு மறுமொழியாக எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? வானொலி பேசும், கேளாது. சுவரொட்டி அறிவிக்கும், மறுமொழி பெறாது. திருப்பிக் கேட்க இயலாத பேச்சுக்கு நாம் 'செய்தி' என்று பெயரிட்டுவிட்டோம். கட்டளை என்பதே அதற்குப் பொருத்தமான பெயர்.

இதற்கு ஒரு பழைய மரபும் உண்டு. பிரித்தானிய ஆட்சியில் சுகாதாரமும் வேளாண்மையும் போதிக்கும் படங்களை வண்டியிலேற்றிக் கிராமம் கிராமமாகக் காட்டினர். 'மாயம்' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து மக்கள் அதனை 'மஜிகி' என்றனர். வெட்டவெளியில் இரவில் காட்டப்பட்ட அப்படங்களைக் கண்டோர் பெரும்பாலும் ஆண்கள். பிள்ளையைப் பேணும் பாடம் பிள்ளையைப் பேணாதவருக்குக் காட்டப்பட்டது. அண்மைக் காலத்தில் இளம்பிள்ளைவாதம் பற்றிய படங்களும் அதே மஜிகி என்ற பெயரோடு ஊர்வெளிகளில் காட்டப்பட்டன என்பதைக் காணும்போது, ஆட்சி மாறியும் காட்சி மாறாத விந்தை புலப்படுகிறது.

இப்பெண்களைக் கல்லாதவர் என்று கணக்கிடுவதும் ஓர் ஏமாற்றே. ஆங்கில எழுத்து அறியாதவர் என்பதே அதன் பொருள். சொக்கோட்டோவை நிறுவிய உஸ்மான் தான் ஃபோதியோவின் மகள் நானா அஸ்மாவு (1793-1864) ஹவுசா, ஃபுலானி, அரபு ஆகிய மும்மொழிகளிலும் கவிதை இயற்றியவர். அவர் 'யன் தாரு' என்ற பெண்கள் குழுக்களை அமைத்தார். அக்குழுக்களின் தலைவியர் அவரிடம் பாடம் கேட்டு, ஊரூராகச் சென்று, ஒதுங்கி வாழ்ந்த பெண்களுக்கு அவர்களுடைய வீட்டு முற்றத்திலேயே கற்பித்தனர். மதிலுக்குள் அறிவைக் கொண்டுசெல்லும் வழியை, வானொலி பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே பெண்கள் கண்டிருந்தனர். நம் காலத்திலும், 1980கள் தொட்டுக் கானோச் சந்தைகளில் மலிவுப் பதிப்புகளாக வெளிவந்த ஹவுசா நாவல்களைப் பெருமளவில் எழுதியோரும் வாசித்தோரும் பெண்களே. பலராபா ரமத் யாகுபு போன்றோர் கட்டாய மணத்தையும் ஆண்களின் கொடுமையையும் அவற்றிலே சாடினர். அந்நாவல்களுக்கு என்ன நேர்ந்தது? 2007இல் அவற்றுட் சில பகிரங்கமாக எரிக்கப்பட்டன. எரியூட்டலை முன்னின்று நடத்தியவர், முன்னர் சொட்டு மருந்தை நிறுத்திய அதே ஆளுநர். பெண் வாசிப்பதை எரிப்பவரும் பெண்ணின் பிள்ளைக்கு மருந்தை மறுப்பவரும் ஒரே ஆளாக இருப்பது தற்செயலன்று. இவ்விரண்டிலும் அஞ்சப்படுவது ஒன்றே: அவள் தானே அறிந்து தானே முடிவு செய்துவிடுவாளோ என்ற அச்சம்.

இவ்விடத்தில் வேறொரு சாரார் எழுந்து, "ஆகவே குல்லே அவர்களின் பண்பாடு, அதை அப்படியே மதிப்போம்" என்பர். இவர்களையும் நாம் மறுக்கிறோம். குல்லே காலங்கடந்த புனித மரபன்று. வயலில் உழைத்தல் அடிமைப் பெண்ணின் அடையாளமாக இருந்த சமூகத்தில், அடிமைமுறை தளர்ந்த பின்னர் எளிய குடியானவனும் தன் மனைவியை வயலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து மேன்மை தேடினான். இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் பரந்தமைக்கு இஃதொரு காரணம். 1903இல் கானோவையும் சொக்கோட்டோவையும் பிடித்த லுகார்ட், அமீர்களின் துணைகொண்டு ஆள்வதற்காகச் சமயத்தில் தலையிடோம் என வாக்களித்தார். அதன் பெயரால் நவீன கல்வி வடக்கில் முடக்கப்பட்டது. ஏகாதிபத்தியமும் உள்நாட்டு மேற்குடியும் கைகோத்துக் கட்டிய மதில் இது. மதிலை நாம் போற்றவில்லை. மதிலுக்குள் இருப்பவளை இழிவு செய்து மதிலை இடிக்கமுடியாது என்றே சொல்கிறோம்.

மாற்றம் எப்படி வந்தது என்பதையும் நண்பர் அறியவேண்டும். 2013 பெப்ரவரியில் கானோவில் தடுப்பு மருந்து வழங்கிய பெண்கள் ஒன்பது பேராவது சுட்டுக்கொல்லப்பட்டனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் உள்ளூர் வானொலி நிகழ்ச்சியொன்று பழைய சதிக்கதைகளை மீண்டும் கிளறியிருந்தது. ஒலிபெருக்கி எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையின் கருவி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? கொல்லப்பட்டோர் வெளிநாட்டவர் அல்லர். அந்த மண்ணின் பெண்கள். அப்படியிருந்தும் பெண்கள் பின்வாங்கவில்லை. 2012 முதல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியத்தின் ஆதரவோடு, அவ்வவ்வூர்த் தாய்மாரே ஆயிரக்கணக்கில் தொண்டர்களாகி வீடு வீடாகச் சென்றனர். ஸௌரேயைத் தாண்டி முற்றத்தில் அமர்ந்தனர். சொட்டு மருந்தோடு நில்லாது தாய்ப்பால், பேறுகாலம், பிற தடுப்பூசிகள் பற்றியும் உரையாடினர். மருத்துவ முகாம்கள் அமைத்து மலேரியா மருந்து முதலியவற்றையும் வழங்கலாயினர். தாயின் பழைய கேள்விக்கு அரசு கடைசியில் அளித்த மறுமொழி இதுதான். நைஜீரியாவில் இயற்கையான போலியோக் கிருமியின் கடைசி நோயாளர் 2016இல் போர்னோவில் காணப்பட்டனர். 2020 ஓகஸ்ட் 25ஆம் நாள் ஆபிரிக்கா அக்கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றியில் ஆட்சியாளரின் பங்கும் சமயத் தலைவர்களின் பங்கும் உண்டு. ஆனால் முற்றம்வரை நடந்தவை பெண்களின் கால்கள்.

உண்மையை முழுமையாகச் சொல்லுதலும் ஊடகத்தின் கடன். போதிய பிள்ளைகளுக்கு மருந்து சேராத இடங்களில், சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த கிருமி பலரிடையே பரவிப் பரவி மீண்டும் வலுப்பெற்று நோய் விளைவிப்பதுண்டு. வடநைஜீரியாவில் இது நிகழ்ந்தது. 2007இலேதான் அது வெளியுலகுக்கு வந்தது. மருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்வதே இதற்கும் பரிகாரம் என்பது அறிவியல். ஆனால் அறிவியலை நம்பு என்று கூறுவோர், கசப்பான பகுதியை ஒளித்து வைத்தால், பின்னர் அவர்களுடைய இனிப்பான பகுதியையும் யார் நம்புவர்? பாகிஸ்தானின் கதை இதனினும் கொடியது. 2011இல் அபொட்டாபாத்தில் பின் லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, ஈரல் அழற்சித் தடுப்பூசி இயக்கமொன்றையே தனக்குப் போர்வையாக்கியது. தடுப்பு மருந்துக்காரர் ஒற்றர் என்ற வதந்தியை ஒரு வல்லரசே மெய்யாக்கிற்று. இனி அவ்வாறு செய்யோம் என 2014இல் வெள்ளை மாளிகை உறுதி கூறியது. அதற்குள் அந்நாட்டின் தடுப்பு மருந்துப் பெண்கள் பலர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகியிருந்தனர்.

இவற்றைப் படித்துவிட்டு, "நம் நாடு அப்படியன்று" என்று நாம் பெருமூச்சு விடலாமா? மலடாக்கும் மருந்து என்ற அதே பூச்சாண்டியை 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நாம் கண்டோம். முஸ்லிம் உணவுக்கடையொன்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி பள்ளிவாசலைத் தாக்கும் அளவுக்குச் சென்றது. சோதித்துப் பார்த்தபோது அது மாவுக்கட்டி. அவ்வதந்தியை நம்பி வீதிக்கு வந்தவர்கள் குல்லேயில் வாழ்ந்தவர்கள் அல்லர். எழுத்தறிவில் தலைசிறந்த நாடு என்று நாம் மார்தட்டும் இந்நாட்டின் பள்ளிகளிலே கற்ற ஆண்கள். கைகளில் திறன்பேசி வைத்திருந்தவர்கள். 2020இலும் 2021இன் தொடக்கத்திலும், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலுக்கு மாறாக அரசு பலவந்தமாக எரித்தது. சுகாதாரத்தின் பெயரால் தன் பிள்ளையின் உடலைப் பறிகொடுத்த தாயிடம், அதே சுகாதாரத்தின் பெயரால் எதைச் சொன்னாலும் அவள் ஒருகணம் தயங்கமாட்டாளா? அத்தயக்கத்தை அவளது சமயத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையா?

ஆசிரியர்களே, மாணவ நண்பர்களே! மருந்து வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை. மருந்தைத் தடுப்பவன் எந்தக் கொடியைப் பிடித்தாலும், எந்த வேதத்தை ஓதினாலும், அவன் மக்கள் பகைவன். ஆனால் மருந்தின் பெயரால் மக்களை இகழ்பவன் மக்களின் நண்பனாகிவிட மாட்டான். நம்பிக்கை ஒலிபெருக்கியால் விளைவதன்று. காய்ச்சலுக்கு மருந்தும், குடிக்க நீரும், பேறுகாலத்தில் ஒரு கையும் கொடுத்த அரசின் சொல்லைத் தாய் நம்புவாள். கொடாத அரசு எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருந்தாலும் அதன் சொல் ஸௌரேயோடு நின்றுவிடும்.

அடுத்தமுறை ஆசிரியர் அறையில் அந்த வாக்கியம் எழுந்தால் நாம் திருப்பிக் கேட்போம்: அவள் காதில் ஏறியதா என்று கேட்கிறீர்களே, அவள் கேட்ட கேள்வி உங்கள் காதில் ஏறியதா?